பூசணத்துக்குக் காத்திருக்கும் தோட்டம்

அவையோர்க்கு வணக்கம்.

பூசணம் பிடித்த பழத்தை நாம் குப்பையில் போடுவோம். பிரான்சின் பொர்தோ பகுதியில், சோத்தேர்ன் மேட்டில் உள்ள ஷாட்டோ திக்கெம் என்ற, இனிப்பு ஒயின் செய்யும் திராட்சைத் தோட்டத்தில் கதை தலைகீழ். பூசணம் பிடிக்கும்வரை அங்கே பழத்தைப் பறிக்கவே மாட்டார்கள்.

இது பழைய சொத்து. 1593 முதல் சொவாஜ் குடும்பம் வைத்திருந்தது. 1785இல் அந்த வீட்டுப் பெண்ணின் திருமணத்தால் லூர்-சலூஸ் குடும்பத்துக்குப் போனது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன், 1784ஆம் ஆண்டு ஒயினில் 250 பாட்டில் கேட்டு எழுதினார். 1855இல் பொர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது, முதல் தரத்துக்கும் மேலே ஒரு படி போட்டு, அதில் இந்த ஒரு தோட்டத்தை மட்டும் உட்கார வைத்தார்கள். 1990களின் இறுதியில் எல்விஎம்எச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கைக்கு வந்துவிட்டது. வரலாறு இத்துடன் போதும். சுவை பூசணத்தில்தான் இருக்கிறது.

குளிர்ந்த சிரோன் ஆறு, சற்றே வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் வந்து கலக்கிறது. அதனால் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும். அந்த ஈரத்தில் போட்ரைடிஸ் என்ற பூசணம் வளரும். நண்பகலில் வெயில் வந்து உலர்த்திவிடும். பூசணம் பழத்தோலைத் துளைக்க, உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிறது. சர்க்கரையும் புளிப்பும் சுண்டி நிற்கின்றன. வெயில் வராமல் மழை பிடித்துக்கொண்டால் அதே பூசணம் வெறும் அழுகலாகிவிடும். காயம்பட்ட பழத்தில் பாக்டீரியா புகுந்தால் காடி வாடை அடிக்கும். களிமண் அடிநிலத்தில் நீர் தேங்காமலிருக்க, 19ஆம் நூற்றாண்டிலேயே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளத்துக்கு மண்குழாய் புதைத்து வடிகால் செய்திருக்கிறார்கள்.

எல்லாப் பழமும் ஒரே நாளில் பதத்துக்கு வராது. ஒரே குலையில் ஒரு பழம் பொன்னிறமாக உப்பியிருக்கும், பக்கத்துப் பழம் பழுப்பேறி இன்னும் சாறோடு இருக்கும், அடுத்தது உலர் திராட்சைபோல் சுருங்கியிருக்கும். சிறு கத்தரிக்கோலோடு போகிறவர் சுருங்கியதை மட்டும் வெட்டி, முகர்ந்து பார்த்து, காடி வாடை அடித்தால் தரையில் போட்டுவிடுவார். மற்றவை கொடியிலேயே இருக்கும். இப்படி ஒரே வரிசைக்கு ஐந்தாறு முறை வருவார்கள். சில ஆண்டுகளில் அதைவிடக் கூடுதல். ஒரு கொடிக்கு ஒரு கோப்பை ஒயின் என்பது அங்கே வழங்கும் கணக்கு.

பிழிவதிலும் ஒரு விநோதம். சாதாரண வெள்ளை ஒயினுக்கு முதல் சாறே உயர்ந்தது. கடைசிப் பிழிவு மட்டம். இங்கே சக்கையை உதிர்த்து மறுபடி பிழியப் பிழிய, அளவு குறைந்தாலும் இனிப்பு ஏறுகிறது. சுருங்கிய பழம் எளிதில் சாறு விடாது அல்லவா?

சாற்றில் லிட்டருக்கு 350 கிராமை ஒட்டிச் சர்க்கரை இருக்க வேண்டும். அன்றன்று பிழிந்ததைத் தனித்தனி ஓக் பீப்பாய்களில் நொதிக்க விடுவார்கள். ஆல்கஹால் 14 சதவீதத்தை நெருங்கும்போது ஈஸ்ட் ஓய்ந்துவிடும். லிட்டருக்கு ஏறத்தாழ 120 கிராம் சர்க்கரை மிஞ்சும். பழம் அரைகுறைப் பதம் என்றால் ஆல்கஹால் ஓங்கி, இனிப்பு சப்பென்று போகும். அளவுக்கு மீறிச் சுண்டியதென்றால் ஈஸ்ட் பாதியிலேயே திணறி, பாகு போலத் திகட்டும். இந்த நடுவாந்திரம்தான் அவர்களுடைய கைவண்ணம் என்பேன்.

தொல்லைகளும் பூசணம் தருவதே. அதன் லாக்கேஸ் நொதி ஒயினைப் பழுப்பாக்கும். அதைத் தடுக்க கந்தக டையாக்சைடு கூடுதலாக வேண்டும். பூசணம் விடும் குளுக்கன் என்ற பிசுபிசுப்பான பொருள் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். ஆகவே பீப்பாயில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு வைத்து, ஆவியாகிக் குறைவதை அடிக்கடி நிரப்பி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வண்டலை விட்டுத் தெளிவை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். பிறகு சுவைத்துப் பார்த்து, எந்தப் பீப்பாய் கலவையில் சேரும், எது சேராது என்று முடிவு செய்வார்கள்.

சில ஆண்டுகளில் எதுவுமே சேராது. 1951, 1952 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டு திக்கெம் பெயரில் பாட்டில் வரவில்லை. 1992இலும் இல்லை. 2012இல் மறுபடி அதே முடிவு. ஆண்டுவாரியாக அடுக்கிய பாட்டில் வரிசையில் அந்த ஆண்டுகளின் இடம் காலியாகவே இருக்கிறது.