இருவர்மேலும் கை வைக்க ஒருவர்

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டு பேருக்குள் பிணக்கு என்றால், எந்தப் பக்கமும் சேராத ஒருவரைத்தான் மத்தியஸ்தம் பேசக் கூப்பிடுவோம். கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையே பிணக்கு என்றால்? அங்கே எந்தப் பக்கமும் சேராதவர் என்று யாரைச் சொல்வது?

இந்தக் கேள்வியில் முட்டி நின்றவர் பைபிளின் பழைய ஏற்பாட்டில் வரும் யோபு. பிள்ளைகள் போய், சொத்து போய், உடம்பெல்லாம் புண்ணாகி உட்கார்ந்திருக்கிறார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களோ கடவுளுக்காக வக்காலத்து வாங்குகிறார்கள். அப்போது யோபு சொல்கிறார்: அவர் என்னைப் போல மனிதர் இல்லையே, நான் அவரோடு வழக்காட; எங்கள் இருவர்மேலும் கை வைக்கக்கூடிய ஒரு மத்தியஸ்தன் இல்லையே. யோபு புத்தகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. பக்தியான பேச்சாக இல்லைதான். ஆனாலும் பின்னால் வந்த இறையியல் முழுக்க இந்தப் புலம்பலுக்குக் கடன்பட்டது என்று நினைக்கிறேன்.

இடையில் நிற்க ஆளே வரவில்லை என்றில்லை. இஸ்ரவேல் மக்கள் பொற்கன்றுக்குட்டி செய்து வணங்கிய விவகாரத்தில் அவர்கள் தலைவர் மோசே நின்றார். 'மன்னியும், இல்லாவிட்டால் உமது புத்தகத்திலிருந்து என் பெயரையும் எடுத்துவிடும்' என்கிற அளவுக்கு மன்றாடினார். அப்புறம் அந்த மக்களின் தலைமைக் குருவான பிரதான ஆசாரியர். ஆண்டுக்கு ஒரு நாள் ஆலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த இடத்துக்குள் போவார். ஆனால் முதலில் தன் பாவத்துக்கே பலி செலுத்தியாக வேண்டும். புதிய ஏற்பாட்டில் உள்ள எபிரெயர் நிருபம் (கடிதம்) பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான்: பாவமில்லாத கிறிஸ்துவுக்கு அந்தத் தேவை இல்லை என்கிறது.

தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபமோ, மத்தியஸ்தர் ஒருவரே, அவர் மனிதராகிய கிறிஸ்து இயேசு என்கிறது. 'மனிதராகிய' என்பது சரி, மறுபக்கம்? 325இல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கம், குமாரனாகிய கிறிஸ்து பிதாவாகிய கடவுளோடு ஒரே தன்மையுள்ளவர் என்று அறிக்கையிட்டது. 451இல் கல்செதோன் சங்கம், அவர் முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர் என்றது. வெறும் வார்த்தைச் சண்டை என்று பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். யோபுவின் கேள்வியோடு சேர்த்துப் படித்தால் அப்படித் தோன்றாது. நிசேயா மறுத்த ஆரியு என்ற குரு சொன்னதுபோல் குமாரனும் ஒரு படைப்புதான் என்றால், அவர் கை கடவுள்மேல் எட்டாது. மனித உடல் வெறும் தோற்றம் என்றால், நம்மேல் எட்டாது.

பிரசங்கங்களில் அடிக்கடி வரும் ஒரு சித்திரத்தையும் சொல்லியாக வேண்டும்: பிதா கோபக்காரர், மகன் இளகிய மனசுக்காரர், மகன் கெஞ்சிக் கேட்டதால் பிதா இறங்கி வந்தார். கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் கதை வேறு: உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கியவர் கடவுளே, கிறிஸ்துவுக்குள் இருந்து. குற்றம் இழைக்கப்பட்டவரே சமாதானத்துக்கு முந்துகிறார்.

மத்தியஸ்தர் ஒருவரே என்றால், புனிதர்களிடம் மன்றாடுவது? லூத்தரன் சீர்திருத்தக்காரர்களின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை, புனிதர்களை முன்மாதிரியாக நினைவுகூரலாம், அவர்களிடம் வேண்டச் சொல்லி வேதத்தில் இல்லை என்றது. 1964இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் தாய் மரியாவின் பரிந்துரை கிறிஸ்துவின் ஒரே மத்தியஸ்தத்திலிருந்து எதையும் குறைப்பதில்லை என்று விளக்கியது. இந்த வழக்கை இன்று தீர்க்க நான் வரவில்லை. இரு தரப்பும் எடுத்துக்காட்டும் அந்தத் தீமோத்தேயு வசனத்துக்குச் சற்று மேலே, அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில், எல்லா மனிதருக்காகவும் வேண்டுதல் செய்யுங்கள் என்ற கட்டளை இருக்கிறது. அதைப் பற்றி இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

நன்றி, வணக்கம்.