உப்பு இருக்கும்வரை ஈரம் போகாது

நேயர்களுக்கு வணக்கம். ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் ஜிபிஎஸ், வாக்கி டாக்கி, ஏசி போர்டு (மின்சுற்றுப் பலகை) பழுது பார்க்கிற எங்களிடம் அடிக்கடி வருகிற புகார் இது: “அண்ணே, வெயில்ல நல்லாக் காயவச்சேன், ஓடுச்சு. ராத்திரி மறுபடி நின்னுருச்சு.”

காயவைத்தால் தண்ணீர் போகும், உப்பு போகாது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் காற்றின் ஈரத்தை இழுத்துக் கரையும். கடல் உப்பிலோ மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். நம் கரையில் காற்று அந்த அளவுக்கு வறண்டுபோவது அபூர்வம். அதனால் போர்டில் படிந்த உப்பு பெரும்பாலும் ஈரமாகவே இருக்கிறது. அந்த ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்து, செம்பை அரித்து, பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கிறது.

மழையில் நனையாத கருவிக்குள் உப்பு எப்படிப் போகும்? பகல் சூட்டில் பெட்டிக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்ததும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஐபி67 என்று போட்டிருந்தால், புதுக் கருவி ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கியது என்றுதான் பொருள். ரப்பர் இறுகிப்போன பழைய கருவிக்கு அதை நம்பாதீர்கள்.

1974இல் வகுத்த இந்திய-இலங்கைக் கடல் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் மீன்பிடித் தொழில் செய்கிறவர்களுக்கு, நள்ளிரவில் ஜிபிஎஸ் அணைந்துபோவது வெறும் ரிப்பேர் செலவு அல்ல, தெரியாமல் எல்லை தாண்டிவிடும் ஆபத்து. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கடல் தண்ணீர் பட்டால் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்காதீர்கள், மின்சாரம் இருந்தால் அரிப்பு வேகமாகும். திரை, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் போர்டை மெல்லிய பிரஷ் கொண்டு கழுவ வேண்டும். தண்ணீரா என்று பலரும் பதறுவார்கள். ஆனால் உப்பைக் கரைப்பது தண்ணீர்தான், வெறும் ஆல்கஹாலில் அது சரியாகக் கரையாது. கழுவிய பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால் விட்டால் சீக்கிரம் உலரும். அரிசி மூட்டைக்குள் புதைக்க வேண்டாம், மாவுத்தூள்தான் ஒட்டும். ஏசி போர்டை மட்டும் நீங்களே தொடாதீர்கள். கரண்டை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

அப்புறம், போர்டுக்குப் பூசுகிற பாதுகாப்பு வார்னிஷ். நல்ல பொருள்தான். கழுவாமல் பூசினால் உப்பையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். வாடைக்காற்று தொடங்கும் முன்பே, ஐப்பசி பிறப்பதற்குள், கழுவிக் காயவைத்துப் பூசிவிடுங்கள். கனெக்டர் முனைகளில் மட்டும் படக் கூடாது. நன்றி, வணக்கம்.