ரத்தத்துக்கும் எக்ஸ்பைரி டேட் உண்டு! உப்பளத்துப் பூச்சி கற்றுத்தரும் ரகசியம்

இரண்டு மாதத்துக்கு முன்னால் ரத்ததானம் செய்தீர்களா? அந்த ரத்தத்தின் சிவப்பணுக்களை இதுவரை யாருக்கும் ஏற்றவில்லை என்றால், இந்நேரம் குப்பைக்குப் போயிருக்கும்.

பால் பாக்கெட் மாதிரி ரத்தப் பைக்கும் தேதி போடுவார்கள். சிவப்பணுக்கள் ஃப்ரிட்ஜில் அதிகபட்சம் 42 நாள். பிளேட்லெட்டுக்கு வழக்கமாக 5 நாள்தான், அதுவும் அறை வெப்பத்தில், தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 1937-ல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபாண்டஸ் என்ற மருத்துவர் 'பிளட் பேங்க்' என்று பெயர் வைத்தார். சரி, வரலாறு போதும்.

உறைய வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வைக்கிறார்கள். உறையும்போது அணுக்களைக் காக்கும் கிளிசரால் என்ற திரவத்தைக் கலந்து மைனஸ் 80 டிகிரிக்குக் கீழே வைத்தால் 10 வருஷம் தாங்கும். ஆனால் ஏற்றுவதற்கு முன் அந்தக் கிளிசராலைப் படிப்படியாகக் கழுவி எடுக்க வேண்டும், இல்லையென்றால் சிவப்பணுக்கள் ஊதி வெடித்துவிடும். விபத்தில் அடிபட்டு வந்தவர் அதுவரை காத்திருப்பாரா? அதனால் பாம்பே குரூப் போன்ற அரிய வகைகளுக்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். தூத்துக்குடி உப்பளங்களில் ஆர்டீமியா என்று ஒரு குட்டி ஜீவன் இருக்கிறது, இறால் குடும்பத்தோடு தூரத்துச் சொந்தம். இதன் முட்டை காய்ந்தால் பழுப்பு நிறப் பொடி மாதிரி ஆகிவிடும், இறால் குஞ்சு வளர்ப்பவர்கள் டப்பாவில் வாங்கி வைத்திருப்பார்கள். வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும் அந்தப் பொடியை உப்புத் தண்ணீரில் கொட்டி வைத்தால் ஒரு நாளில் உயிரோடு நீந்தும்! செத்ததா இருந்ததா என்று அதற்கே தெரியாது. இந்த வித்தைக்கு முக்கியத் துணை ட்ரிஹலோஸ் என்ற சர்க்கரை. உங்கள் வீட்டு ட்ரை ஈஸ்ட் பாக்கெட்டிலும் அதே சர்க்கரைதான் காவல் இருக்கிறது. தண்ணீர் போன பிறகும் செல்லின் சவ்வு நொறுங்காமல் பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் ரத்தத்தை உறைய வைக்கும்போது கிளிசராலுக்குப் பதிலாகச் சிவப்பணுவுக்குள் இதைப் போட்டுவிடலாமே? அங்கேதான் சிக்கல். சிவப்பணுவின் சவ்வு இந்தச் சர்க்கரையை வாசலிலேயே நிறுத்திவிடும்.

உள்ளே அனுப்பும் தரகர்தான் நானோ துகள். சிவப்பணு எப்படி இருக்கும்? ஓட்டை போட மறந்த மெதுவடை. நிஜ வடை அளவுக்கு அதைப் பெரிதாக்கினால், நானோ துகள் ஒரு ரவைத் துணுக்கு. 2017-ல் பிரான்ஸ், ஜெர்மனி உள்ளிட்ட நாடுகளின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், அபடைட் என்ற கனிமத்தை அந்த அளவுத் துகள்களாக உருவாக்கினார்கள். நம் எலும்பிலும் பல்லிலும் இருக்கும் அதே சங்கதிதான், அதனால் உடம்புக்கு அந்நியமில்லை. இந்த ரவை வடையில் ஒட்டியதும் சவ்வு கொஞ்சம் இளகிக்கொடுக்கிறது, சர்க்கரை உள்ளே நுழைகிறது. உறைய வைத்து உருக்கியதில் அதிகபட்சமாக 91 சதவீத அணுக்கள் பிழைத்தன, கிட்டத்தட்ட கிளிசராலுக்குச் சமம்!

ஆனால் இது ஆய்வகக் கணக்கு. ஒரு முழுப் பையை உறைய வைப்பது வேறு, உருக்கியதை நோயாளிக்கு ஏற்றுவது அதைவிட வேறு. ஒட்டிய துகள்கள் உடம்பில் எங்கே போய்ச் சேரும் என்று தெளிவாகத் தெரியும்வரை நானே கையை நீட்ட மாட்டேன்.

ரத்த வங்கியில் வேலை பார்ப்பவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், உறைந்த ரத்தத்தைக் கழுவிய அனுபவம் எப்படி என்று கமெண்டில் எழுதுங்கள். மற்றவர்கள் வடை உவமைக்காகவாவது ஒரு லைக் போடுங்கள்.