நேபாளத்தில் திரும்பி வந்த காடும் கார்பன் பணத்தின் கணக்கும்

(காட்சி: தோலகா மாவட்டத்து மலைச்சரிவு. முதுகில் விறகுக்கட்டோடு இறங்கி வரும் பெண்கள்.)

நேபாளத்தின் நடுமலைப் பகுதியில் அடுப்புக்கு விறகும், ஆடுமாடுகளுக்குத் தழையும், வயலுக்கு எருவாகும் சருகும் காட்டிலிருந்தே வருகின்றன. அதனால் காட்டைக் காப்பதற்கென்று போடப்படும் எந்தத் தடையும் முதலில் ஏழை வீட்டு அடுப்பைத்தான் தொடும்.

1957-இல் நேபாள அரசு தனியார் காடுகளைத் தேசியமயமாக்கியபோது, ஊர்கள் வழிவழியாகப் பேணி வந்த காடுகளும் அரசின் கைக்குப் போயின. அவற்றைக் காவல் காக்கும் ஆள்பலம் வனத்துறையிடம் இல்லை. தம்முடையதல்ல என்றாகிவிட்ட காட்டின் மீது ஊராருக்கும் அக்கறை குறைந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் மலைச்சரிவுகள் பல மொட்டையாயின.

(காட்சி: ஊர்க்கூட்டம். பதிவேட்டில் கையெழுத்திடும் உறுப்பினர்கள்.)

1993-ஆம் ஆண்டின் வனச் சட்டம் இந்தப் போக்கை மாற்றியது. நிலம் அரசுடையதாகவே இருக்க, அதைப் பேணும் பொறுப்பும், விளைபொருளைப் பயன்படுத்தும் உரிமையும், அதில் வரும் வருமானமும் ஊர்ப் பயனாளர் குழுக்களுக்குக் கிடைத்தன. இன்று அத்தகைய குழுக்கள் 22,000-க்கும் மேல். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வின்படி, 1992-இல் நாட்டின் பரப்பில் சுமார் 26 விழுக்காடாக இருந்த காடு 2016-இல் சுமார் 45 விழுக்காடாக உயர்ந்தது. பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் இளைஞர்கள் போனதால் தரிசாகிக் காடான வயல்களுக்கும் இதில் பங்குண்டு என்பதை மறைக்கக் கூடாது.

ஆனால், ஊர் என்பது ஒரே தட்டில் வாழும் மக்கள் கூட்டம் அன்று. நிலமுள்ள வீட்டார் தம் வயலோரத்து மரங்களிலேயே விறகு வெட்டிக்கொள்வார்கள். நிலமற்றவருக்குப் பொதுக்காட்டைத் தவிர வேறு இடமில்லை. பல குழுக்கள் கரி சுடுவதைத் தடை செய்தபோது, உலைக்குக் கரி இல்லாமல் தவித்தவர்கள் தலித் சமூகத்தைச் சேர்ந்த கொல்லர்கள். மரம் பிழைத்தது, தொழில் போயிற்று. வரவேற்கத்தக்க ஒரு சட்டத்தின் உள்ளேயே நிகழ்ந்த இந்த இழப்பு போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

(காட்சி: மரத்தின் சுற்றளவை நாடாவால் அளக்கும் ஊர்மக்கள்.)

காடழிவைக் குறைத்து, மரங்களில் கார்பனைச் சேர்த்து வைக்கும் நாடுகளுக்குப் பணம் தரும் ஏற்பாடே ரெட் பிளஸ். வெட்டாமல் விட்ட மரத்துக்கு விலை வைக்கும்போது, விறகெடுப்பதை மேலும் இறுக்கவேண்டும் என்ற ஆசை குழுத் தலைவர்களுக்கு எளிதில் வந்துவிடும். இந்த ஆபத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தது, தோலகா, கோர்க்கா, சித்வன் ஆகிய மாவட்டங்களில் 105 குழுக்களோடு நடத்தப்பட்ட ஒரு முன்னோடித் திட்டம். 2011 முதல் அங்கு வழங்கப்பட்ட பணத்தில் 40 விழுக்காடு மட்டுமே கார்பன் அளவைப் பொறுத்துப் பிரிக்கப்பட்டது. எஞ்சிய 60 விழுக்காடு, குழுவில் உள்ள ஏழைகள், தலித்துகள், பழங்குடியினர், பெண்கள் ஆகியோரின் எண்ணிக்கையைப் பார்த்துப் பிரிக்கப்பட்டது. மரத்தை அளந்த அதே கணக்கேட்டில் வறுமையையும் அளந்தார்கள்.

2021-இல் நேபாளம் உலக வங்கியோடு ஒரு பெரிய ஒப்பந்தம் செய்துகொண்டது. தராய்ச் சமவெளியின் 13 மாவட்டங்களில் 90 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வைக் குறைத்தால் 4.5 கோடி டாலர் வரை கிடைக்கும் என்றது அந்த ஒப்பந்தம். அதாவது டன்னுக்கு 5 டாலர். விறகை விட்டுவிடும்படி கேட்கப்படும் குடும்பத்துக்குச் சாண எரிவாயுக் கலனோ வேறு அடுப்போ அமைத்துத் தர அந்தத் தொகையில் எவ்வளவு மிஞ்சும் என்பதை, ஊர்க்கூட்டத்தில் அந்தக் குடும்பத்தையே முன்னே உட்காரவைத்துக் கணக்கிடவேண்டும்.