ஒரு ஆவணம், ஒரே முகவரி

வணக்கம் நேயர்களே.

'இணைப்பு' என்ற சொல்லிடம் நாம் நிறைய வேலை வாங்குகிறோம். கடிதத்தின் அடியில் "இணைப்பு: இரண்டு பக்கங்கள்" என்று எழுதுகிறோம். மெயிலோடு அனுப்பும் ஃபைலும் இணைப்பு; தொட்டால் வேறு பக்கத்துக்கு அழைத்துப் போவதும் இணைப்பு. அலுவலகப் பேச்சில் மட்டும் அட்டாச்மென்ட், லிங்க் என்று பிரித்துச் சொல்கிறோம். அந்தப் பிரிவைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அட்டாச்மென்ட் என்பது நகல். லிங்க் என்பது முகவரி.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பட்ஜெட் கூட்டம். எட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எல்லார் கையிலும் ஒரே அட்டவணையின் அச்சுப்பிரதி. ஒருவர் மூன்றாம் பக்கத்துக் கூட்டுத்தொகையை வாசித்தார். எதிரில் இருந்தவர், "என் தாளில் வேறு தொகை இருக்கிறதே" என்றார். முந்தின நாள் இரவு, கணக்குப் பிரிவில் இருந்த ஓர் இளைஞர் ஒரு வரியைத் திருத்திப் பதில் மெயிலில் அனுப்பியிருந்தார். அது தனக்கு மெயில் அனுப்பியவருக்கு மட்டும் போயிருந்தது. எந்தத் தாள் சரி என்று கண்டுபிடிப்பதிலேயே முக்கால் மணி நேரம் போயிற்று. அத்தனை நேரமும் அந்த இளைஞர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் பார்த்தால் அவர் திருத்திய கணக்குதான் சரி. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

மின்னஞ்சல் பிறந்தது எழுத்துகளைச் சுமப்பதற்காக. 1971இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் 'அட்' (@) குறியை நடுவில் வைத்து, ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்பினார். ஃபைலை ஒட்டி அனுப்புவதற்கு மைம் என்ற பொதுத் தரம், அதாவது எல்லா மென்பொருள்களும் பின்பற்றும் விதிமுறை, வந்தது 1992இல்தான். இன்றும் பெரும்பாலும் ஃபைலை எழுத்துகளாக மாற்றித்தான் மெயில் சுமக்கிறது. மூன்று பைட் அளவுள்ள தரவு நான்கு எழுத்தாகிறது; ஓர் எழுத்துக்கு ஒரு பைட். 9 எம்பி ஃபைல் மெயிலில் ஏறும்போது 12 எம்பி ஆகிவிடும். இப்படிப் பெருத்துப் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எட்டுப் பேருக்கு அனுப்பினால் எட்டு நகல்கள் எட்டு வீடுகளில் வளரத் தொடங்குகின்றனவே, அதுதான் தொல்லை. ஒன்றில் செய்த திருத்தம் மற்றொன்றுக்குத் தெரியாது.

இதே சிக்கலைக் காலண்டர் எப்படித் தீர்த்தது என்று பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. 1998இல் ஐகாலண்டர் என்று ஒரு பொதுத் தரம் வெளியானது. கூட்ட அழைப்போடு ஐசிஎஸ் என்று முடியும் சின்ன ஃபைல் ஒன்று வரும், பார்த்திருப்பீர்கள். அதற்குள் அந்தக் கூட்டத்துக்கென்றே ஓர் அடையாளக் குறி இருக்கிறது. வேறெந்தக் கூட்டத்துக்கும் அது வராது. கூடவே, இது எத்தனையாவது திருத்தம் என்று சொல்லும் ஒரு வரிசை எண். கூட்டம் பத்து மணியிலிருந்து பதினொன்றுக்கு மாறினால், அதே அடையாளக் குறியோடும் முன்னதைவிட அதிகமான வரிசை எண்ணோடும் புதுச் செய்தி வரும். உடனே உங்கள் காலண்டர், "ஓ, அதே கூட்டம்தான்" என்று புரிந்துகொண்டு பழைய பதிவை நகர்த்திவிடும். அனுப்பியவர் அவுட்லுக்கிலும் நீங்கள் தண்டர்பேர்ட் என்ற வேறொரு மெயில் மென்பொருளிலும் இருந்தாலும் இது நடக்கும்.

அட்டாச்மென்டுக்கு இப்படி ஓர் அடையாளம் கிடையாது. ஃபைலின் பெயரை மாற்றினால் அது யாருடைய பிள்ளை என்றே தெரியாது. ஆவணத்தை ஒரே இடத்தில் வைத்து, அதன் முகவரியை மட்டும் அனுப்பும்போதுதான் அதற்கும் அடையாளம் கிடைக்கிறது. கூகுள் டாக்ஸ், மைக்ரோசாஃப்ட் 365, சொந்த சர்வரில் வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு நெக்ஸ்ட்கிளவுட் என்று வழிகள் பல. எந்த நிறுவனத்தின் மென்பொருள் என்பதை நான் பெரிதாக நினைக்கவில்லை. தூரத்தில் இருக்கும் இருவர் ஒரே ஆவணத்தைத் திரையில் பார்த்தபடி பேசிக்கொள்வதை அமெரிக்கக் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் 1968லேயே மேடையில் செய்து காட்டிவிட்டார். அவர் இருந்தது சான் பிரான்சிஸ்கோவில், உடன் பேசியவர் இருந்தது மென்லோ பார்க் என்ற வேறோர் ஊரில்.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? கூட்டத்தைக் காலண்டரில் போடும்போதே நிகழ்ச்சிநிரலுக்கு ஓர் ஆவணம் திறந்து, அதன் லிங்கை அழைப்புக்குள் வையுங்கள். பேச வேண்டியதை எல்லாரும் அதிலேயே எழுதட்டும். கூட்டம் நடக்கும்போதே முடிவுகளையும் அதிலேயே எழுதுங்கள். யார் எதை எப்போது முடிப்பார் என்பதும் அங்கேதான். "மினிட்ஸ் அனுப்புகிறேன்" என்று ஒருவர் சொல்லி, ஒரு வாரம் கழித்து அட்டாச்மென்ட் வரும் வழக்கம் அதோடு நின்றுவிடும்.

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் அனுமதி. லிங்க் வரும், திறந்தால் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வரும். கூட்டம் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். எரிச்சலில், "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று திறந்துவிடுவோம். அப்புறம் அதை மூட யாருக்கும் நினைவிருக்காது. அந்த மெயிலை யாரோ வெளியே ஃபார்வர்டு செய்தால், சம்பளப் பட்டியல்கூட அதோடு போய்விடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கூகுள் காலண்டரில் ஆவணத்தைச் சேர்க்கும்போதே, அழைக்கப்பட்டவர்களுக்கு அனுமதி தரலாமா என்று அது கேட்கும். அந்தக் கேள்வியைப் படித்துப் பதில் சொல்லுங்கள். அவுட்லுக்கில், ஒன்டிரைவ் என்ற மைக்ரோசாஃப்ட் இணையச் சேமிப்பிடத்திலிருந்து ஃபைல் சேர்த்தால், லிங்கா, நகலா என்று தேர்ந்தெடுக்க வழி உண்டு.

நகலே அனுப்ப வேண்டிய சமயங்களும் இருக்கின்றன. கையெழுத்தான ஒப்பந்தம், வெளியாருக்கு அனுப்பும் விலைப்பட்டியல், இவை மாறக்கூடாது. அதனாலேயே அவற்றைப் பிடிஎஃப் நகலாக அனுப்புங்கள்.

இன்னொன்று, அறிவிப்பு மெயில்கள். ஆவணத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் மெயில் வரும்படி வைத்தால், மூன்றாம் நாள் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள். ஒருவருடைய பெயரைக் குறிப்பிட்டு ஆவணத்தில் ஏதாவது கேட்டால் மட்டும் அவருக்கு மெயில் வரட்டும்.

ஆவணம் யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை மூடும்போது, உரிமையை மாற்றி வைக்காவிட்டால் அவருடைய ஆவணங்களும் போய்விடும். முதல் நாளிலிருந்தே அலுவலகத்தின் பொது இடத்தில் வையுங்கள்.

எங்கள் மாதாந்திரக் கூட்டத்துக்கு ஒரே அழைப்பு, ஒரே ஆவணம். புதிய மாதம் மேலே, பழையது கீழே. அண்மையில் சேர்ந்த ஒரு பெண், யாரும் சொல்லாமலேயே காலண்டரிலிருந்து அதைத் திறந்து, 14 மாதத்து முடிவுகளையும் வாசித்துவிட்டுத் தன் முதல் கூட்டத்துக்கு வந்தார். வந்ததும் கேட்டார்: "மார்ச் மாதம் ஒத்திவைத்த விஷயம் அப்படியே நிற்கிறதே, இன்றைக்கு எடுக்கலாமா?" எடுத்தோம். அன்றைக்கே முடிந்தது.

நன்றி, வணக்கம்.