பாட்டி விட்டுப்போன கடை

நேயர்களுக்கு வணக்கம்.

மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியை, கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் நடந்த ஊராகப் பலர் அறிந்திருப்பீர்கள். எனக்கு அது விவசாயி பாப்பம்மாளின் ஊர். ரங்கம்மாள் என்றும் அவருக்குப் பெயர் உண்டு. 1914இல் தேவலாபுரத்தில் பிறந்தவர், 2024 செப்டம்பர் 27 அன்று காலமானார்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் வயதிலேயே நின்றுவிடுகிறார்கள். என்ன சாப்பிட்டார், எப்போது எழுந்தார் என்று ஒரே விசாரணை. மட்டன் பிரியாணி பிடிக்கும் என்று அவர் சொன்னதில் எத்தனை பேருக்கு நிம்மதி! எனக்கு அந்தக் கடையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்த அவரையும் இரண்டு சகோதரிகளையும், அப்பாவைப் பெற்ற பாட்டிதான் தேக்கம்பட்டியில் வைத்து வளர்த்தார். பாட்டிக்கு அங்கே ஒரு கடை. பேத்திக்கு அது வந்து சேர்ந்தது. கூடவே ஒரு சாப்பாட்டுக் கடையும் போட்டார். அந்த வருமானத்தைச் சேர்த்துச் சேர்த்து வாங்கியதுதான் சுமார் 10 ஏக்கர் நிலம்.

இதைச் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்ததே 1989இல்தான். அப்போது பாப்பம்மாளுக்கு வயது 75. என் தாயார் ஆயுள் முழுக்கக் காட்டில் பாடுபட்டவர். பட்டாவில் எந்த மூலையிலும் அவர் பெயர் கிடையாது. கல்லாப்பெட்டிச் சில்லறையில் நிலம் வாங்கிய பெண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிடுகிறது.

அந்த மண்ணில் மக்காச்சோளம், பயறு, காய்கறி, வாழை என்று விளைவித்தார். பிற்காலத்தில் இயற்கை உரத்துக்கு மாறினார். சகோதரியின் பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினார். பாட்டி தனக்குச் செய்ததை இன்னொரு தலைமுறைக்குச் செய்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கூட்டங்களுக்குப் போய்ப் பேசினார், காரமடை ஒன்றியத்தில் கவுன்சிலராகவும் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ.

முதுமையில் அத்தனை நிலத்தையும் பார்க்க முடியவில்லை. ஒரு பகுதியை விற்றுவிட்டு இரண்டரை ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டார். விருதுச் செய்தி வந்த அந்த ஆண்டிலும், அந்த வாழைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.