ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஜன்னலோரம் வாருங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஏற்காட்டுக் குளிரில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

புது ஊரை நன்றாகப் பார்க்க முடிவது வழிகாட்டியோடு வேனில் போகும்போதா, நாமே வண்டி எடுத்துச் சுற்றும்போதா? இதுதான் கோடை விழாக் குழு கொடுத்த தலைப்பு. நான் வேன் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் மொரிஷியஸ் தீவை இழுத்தார். "அங்கேயும் நம்ம ஊர் மாதிரி இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். காரை வாடகைக்கு எடு, போனில் மேப்பைப் போடு, போய்க்கொண்டே இரு" என்றார். நல்ல உதாரணம். அந்தத் தீவில் குடும்பத்தோடு ஒரு முழு நாள் வேனில் சுற்றியவள் நான். அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

இடதுபக்கம் என்பது உண்மை. தீவும் சின்னதுதான், சுமார் 2,000 சதுர கிலோமீட்டர். நம்ம சேலம் மாவட்டம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். ஆனால் சின்ன ஊர் என்றால் பார்த்ததும் விளங்கிவிடுமா?

கியூர்பிப் என்ற ஊரில் த்ரூ ஓ செர்ஃப் என்று ஓர் எரிமலை வாய் இருக்கிறது. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் வட்டமாக ஒரு பள்ளம், சரிவெல்லாம் மரம், அடியில் கொஞ்சம் தண்ணீர். கைவிட்ட கல்குவாரி மாதிரிதான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது. தாங்களே கார் ஓட்டி வந்த ஒரு குடும்பம் எங்கள் பக்கத்தில் நின்றது. ஒரு செல்ஃபி. "இவ்வளவுதானா?" கார்க் கதவைச் சாத்தும் சத்தம். போய்விட்டார்கள். எங்கள் வழிகாட்டி அப்போதுதான் தொண்டையைச் செருமினார். கடலடியிலிருந்து எரிமலைக் குழம்பு பொங்கிப் பொங்கி எழுந்த தீவு இது, வயது ஏறத்தாழ 80 லட்சம் வருடம் என்றார். தூரத்தில் வளைத்து நிற்கும் மலைகளைக் காட்டி, அவை ஆதியில் இருந்த பெரிய எரிமலையின் விளிம்பில் மிச்சம் இருப்பவை என்றார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது சின்ன வாய். பெரிய வாய்க்குள்ளேதான் காலையிலிருந்து வேன் ஓடிக்கொண்டிருக்கிறது!

அடுத்தது கரும்புக் காடு. கரும்புக்கு நடுவே ஆங்காங்கே கருங்கல் குவியல்கள், ஆள் உயரத்துக்கும் மேலே. ஏதோ பழைய கோயில் இடிந்து கிடக்கிறது என்று நினைத்தேன். நீங்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனால் அந்த நினைப்புகூட வராது. எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கல் அது. நிலம் பூராவும் அந்தக் கல்தான் கிடந்தது. அதைக் கையால் பொறுக்கிக் குவித்த பிறகுதான் கரும்பு நட இடமே கிடைத்தது. பொறுக்கியவர்கள் யார்? முதலில் அடிமைகள். 1834 முதல் இங்கிருந்து கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போன நம் சனமும் அதில் உண்டு. இந்தக் கூலி முறையில் ஏறக்குறைய 5 லட்சம் பேர் அந்தத் தீவில் வந்து இறங்கியிருக்கிறார்கள். எங்கள் வழிகாட்டியின் பாட்டனுக்குப் பாட்டனும் அப்படிப் போனவர்தான். அவருக்குத் தமிழ் பேச வராது, அந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான் பேசுவார். ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். அந்த மனிதர் வேனை நிறுத்தச் சொல்லி, இறங்கி, ஒரு கல்லைத் தொட்டுக் காட்டினார். நடுவர் அவர்களே, இதை எந்த மேப் காட்டும்?

அதே தீவில் கடலோரம் நிற்கும் லெ மோர்ன் மலையிலும் இதே கதைதான். தப்பி ஓடிய அடிமைகள் அந்தப் பாறைமேல் ஒளிந்திருந்தார்கள். 1835இல் அடிமை முறை ஒழிந்த சேதியைச் சொல்ல ஆள் வந்தபோது, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று பயந்து மேலிருந்து குதித்தார்கள் என்று அங்குள்ள மக்கள் சொல்கிறார்கள். தெரியாமல் போனால் அது வெறும் கடற்கரை.

அங்கே ஷமாரேல் என்ற ஊரில் இருக்கும் ஏழு வண்ண மண்ணைப் பற்றி எதிரணி நிறையப் பேசிவிட்டது, படம் நன்றாக வரும் என்று. ஏன் ஏழு வண்ணம் என்று சொன்னார்களா? எரிமலைக் கல் மழையில் ஊறிச் சிதைந்து களிமண்ணாகி, கரைகிறதெல்லாம் கரைந்து போக, இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்டன. இரும்பு இருந்தால் சிவப்பு, அலுமினியம் இருந்தால் நீலமும் ஊதாவும். ஏற்காடு இருக்கும் நம்ம சேர்வராயன் மலை எரிமலை கிடையாது. ஆனால் இங்கே உச்சியில் பாக்சைட், அதாவது அலுமினியத் தாது, வந்ததும் இதே வழியில்தான், மழை கல்லைத் தின்று அலுமினியத்தை மிச்சம் வைத்ததால். ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று படம் எடுத்து, மிளகாய் பஜ்ஜியோடு கீழே இறங்குகிற எத்தனை கார்க்காரர்களுக்கு இது தெரியும்? 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பிச் செடி கொண்டுவந்ததையாவது யாராவது சொன்னார்களா?

எதிரணித் தங்கை ஒரு குற்றச்சாட்டு வைத்தார். கமிஷனுக்காகக் கடை கடையாக ஏற்றி இறக்குவார்களாம். உண்டு. கப்பல் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் எங்களையும் இறக்கினார்கள். அதற்கு வழி, ஏறும் முன்பே "கடை வேண்டாம்" என்று பேசி முடிப்பதுதான். நாங்கள் பேசவில்லை, என் பேரன் கையில் இப்போது ஒரு பாய்மரக் கப்பல் இருக்கிறது. சரி, அதற்காக வேனே வேண்டாம் என்பதா?

அப்புறம் மழை. அந்தத் தீவின் நடு மேட்டில் மேகம் சட்டென்று இறங்கிவிடும், மேற்குக் கரையோ காய்ந்து கிடக்கும். பிளாக் ரிவர் பள்ளத்தாக்கில் பனி மூடியதும், எங்கள் ஆள் வேனைத் திருப்பி ஷமாரேலை முதலில் முடித்தார். திரும்பி வந்தபோது பள்ளத்தாக்கு பளிச்சென்று இருந்தது.

கடைசியாக, வீட்டுப் பெண்கள் சார்பில் ஒன்று. சொந்தமாக ஓட்டினால் "சுதந்திரம்" என்கிறீர்களே, யாருக்கு? சேலத்திலிருந்து ஏற்காடு வரும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டுகிறவருக்குத் தெரிவது முன்னால் போகும் பஸ்ஸின் பின்பக்கம். பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்குத் தெரிவது போன் திரையும் முறுக்கு டப்பாவும். வேனில் எங்கள் வீட்டுக்காரரும் நானும் ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டோம். கல்யாணமான நாளிலிருந்து வழி தவறியதற்காகச் சண்டை போடாத ஒரே பயணம் அது.

எதிரணித் தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்காருகிறேன். ஐயா, இன்றைக்கு நாம் எல்லோரும் விழாக்குழு அனுப்பிய ஒரே வேனில்தான் மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு டிரைவர் தம்பியிடம் "அது என்ன தோட்டம், இது என்ன மரம்" என்று கேட்டுக்கொண்டே வந்தது யார்? நன்றி, வணக்கம்.